ஐந்து மணிக்கு மாறிய என் வேலை

கோலாலம்பூர், செந்தூலில் அடுக்குமாடி வீடு. மகனுக்கு 4 வயது, மகளுக்கு ஒன்றரை. மலாய் மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் பகுதிநேர வேலை. பிள்ளைகள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து செய்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன்.

ஒருநாள் மகள் மடியில் ஏறி விசைப்பலகையைத் தட்டினாள். மருந்துக் குறிப்பில் 5 மி.லி. என்பது 55 ஆகிவிட்டது. கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். சரிபார்ப்பவர் கண்டுபிடித்துச் சொன்னபோது கை நடுங்கியது. ஒரு குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து அது.

அதன்பிறகு வேலையையே இரண்டாகப் பிரித்தேன். எண், மருந்து, சட்டம் எல்லாம் விடியற்காலை 5 முதல் 7 வரை, பிள்ளைகள் எழும் முன். சிட்னி வாடிக்கையாளருக்கு அப்போதே காலை 7 அல்லது 8 மணி. சந்தேகத்தை உடனே கேட்டுக்கொள்ளலாம். ரசீது, மின்னஞ்சல் போன்றவை மட்டும் மகள் மதியம் தூங்கும்போது. நடுவில் எழுந்து அழுதாலும் எதுவும் கெடாது.

அவசர வேலை வந்தால் எதிர்வீட்டு அக்காதான். "பிள்ளைங்கள நான் பாத்துக்கிறேன், நீ போய் வேலையப் பாரும்மா" என்பார். மணிக்கணக்குப் போட்டுப் பணம் கொடுக்கிறேன், முதலில் மறுத்தார். அவருடைய நேரமும் உழைப்புதானே.

வருமானம் ஏறி இறங்குவதால், வந்த அன்றே கொஞ்சம் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் சுயமாகக் கட்டிவிடுகிறேன். ரசீதுகளை மைலோ டின்னில் போட்டு வைக்கிறேன், வரிப் படிவம் நிரப்பும்போது தேட வேண்டியதில்லை.

இப்போதும் அனுப்புவதற்கு முன் எண்களை மட்டும் தனியாக, வாய்விட்டு ஒருமுறை படிக்கிறேன்.