ஹாக்கியில் ஃபார்வர்டு ஆக நினைக்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வரும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வாரக் கடைசியில் ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோருக்கும் ஃபார்வர்டு ஆக வேண்டும், தென்னாப்பிரிக்கா ஜெர்சி போட வேண்டும். சரி, ஆசைப்படட்டும். ஆனால் அந்த வயதில் நாங்கள் அடித்த அதே கூத்தை இவர்களும் ஒன்று விடாமல் அடிப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஷின் பேடை மறப்பது, மவுத் கார்டு இல்லாமல் வருவது இதற்கெல்லாம் அம்மாக்களே திட்டிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

எல்லோருக்கும் ஃப்ளிக் வேண்டும், தள்ளிவிட ஆள் இல்லை

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். ஷார்ட் கார்னர், அதாவது எதிரணி தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னர் என்றதும் எல்லோருக்கும் ட்ராக் ஃப்ளிக்தான், பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசுவதுதான், ஞாபகம் வருகிறது. காரணம் புரிகிறது. முதல் ஷாட்டை ஹிட் அடித்தால் பந்து 46 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் கோல் கோட்டைத் தாண்டக் கூடாது, ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அப்புறம் நம் நாட்டு வீராங்கனை பீட்டி குட்சியா இருக்கிறார். 2011 ஜூனில் டப்ளினில் அமெரிக்காவோடு 5-5 என்று முடிந்த ஆட்டத்தில் நாலு கோல் போட்டு, சோவியத் வீராங்கனை நடாலியா கிராஸ்னிகோவாவின் 220 கோல் உலக சாதனையைத் தாண்டியவர். அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் அதே அமெரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக். அந்த வீடியோவைப் பார்க்கும் பிள்ளைகள், ஷார்ட் கார்னரில் பந்தைப் பின்கோட்டிலிருந்து தள்ளிவிட்டவளையும், டி-க்கு (கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்துக்கு) வெளியே அதை அசையாமல் நிறுத்தியவளையும் பார்ப்பதே இல்லை.

தள்ளிவிடும் வேலை பெரும்பாலும் ஃபார்வர்டு தலையில்தான் விழும். கோல் போஸ்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, ஒரு காலாவது கோட்டுக்கு வெளியே இருக்க, டி-யின் உச்சி வரைக்கும் ஏறக்குறைய 19 மீட்டர் தூரத்துக்குப் பந்தைத் தரையோடு தரையாக அனுப்ப வேண்டும். பந்து கொஞ்சம் துள்ளினாலும் நிறுத்துகிறவளின் ஸ்டிக்கில் பட்டுச் சிதறிவிடும், நிமிர்ந்து பார்ப்பதற்குள் தடுக்க ஓடிவரும் எதிரணியின் ரன்னர் மூக்குக்கு நேரே வந்து நிற்பாள். அடித்துத் தள்ளக் கூடாது. இரண்டு கையும் ஸ்டிக்கில் கீழே இறங்கி, பந்தை ஸ்டிக்கோடு ஒட்டவைத்து இழுத்து, உடம்பு முழுவதும் அதன் பின்னால் போக வேண்டும். காய்ந்த டர்ஃபில் (செயற்கைப் புல் தரையில்) பழகியவள் தண்ணீர் அடித்த டர்ஃபில் தடுமாறுவாள், ஆகவே இரண்டிலும் பழக வேண்டும்.

இது பாதிதான். ஒரு மாகாண அணித் தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன். கடைசி நிமிடத்தில் ஷார்ட் கார்னர். தள்ளியது பிரமாதம், ஃப்ளிக்கும் பிரமாதம், கோல்கீப்பரின் பேடில் பட்டு பந்து பக்கத்துப் போஸ்ட் ஓரமாக மெதுவாக உருண்டு வந்தது. அங்கே யாரும் இல்லை. தள்ளிவிட்ட பெண் ஸ்டிக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்! ஹாக்கியில் ஆஃப்சைடு கிடையாது. பந்து கையை விட்டதும் உள்ளே ஓடி, ஸ்டிக்கைத் தரையில் வைத்துக்கொண்டு போஸ்ட் பக்கம் நின்றிருந்தால் தட்டிவிடுகிற வேலைதான். அவள் தேர்வாகவில்லை. அந்த அணியில் ஃப்ளிக் அடிக்க ஏற்கனவே இரண்டு பேர் இருந்தார்கள், ஒழுங்காகத் தள்ளிவிட்டு ரீபவுண்டுக்கு ஓட ஒருத்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வந்திருக்க வேண்டிய இடம்.

இத்தனைக்கும் பயிற்சி முடிந்ததும் அவளே தினமும் மீதி நேரமெல்லாம் ஃப்ளிக் அடித்துக்கொண்டிருந்தவள்.

தனியாகவே கொண்டுபோவது

மூன்றாவது ஆளையும் ஏமாற்றித் தாண்டப் பார்க்காதே. பாஸ் கொடு.

23 மீட்டருக்குள் ஃப்ரீ ஹிட்

எதிரணி கோல் பக்கத்து 23 மீட்டருக்குள் கிடைக்கும் ஃப்ரீ ஹிட்டை டி-க்குள் நேராக அடிக்க முடியாது, பந்து முதலில் 5 மீட்டர் நகர வேண்டும் அல்லது எதிரணி ஆள் மேல் பட வேண்டும். தெரிந்தேதான் செய்கிறார்கள், அவசரம்.

புரட்டாசி

விரதம் இருங்கள். சனிக்கிழமை மேட்ச் அன்று வெறும் வயிற்றோடு வராதீர்கள். மரக்கறி பிரியாணி யாரும் தடுக்கவில்லை.

ஒலிம்பிக்கை மட்டும் நம்பி எல்லாவற்றையும் விடுவது

ஆப்பிரிக்கச் சாம்பியனாகத் தகுதி பெற்ற நம் பெண்கள் அணி 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. ஆப்பிரிக்கப் போட்டி வழியாக வந்த தகுதி போதாது என்று நம் ஒலிம்பிக் கமிட்டியே சொல்லிவிட்டது. அந்த நாலு வருடத்துக்காக எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்த பெண்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். டோக்கியோவுக்கு அணி போனது, ஆனால் அதற்குள் சிலருடைய வயது போய்விட்டது. இங்கே ஹாக்கியை மட்டும் வைத்து வீட்டு வாடகை கட்டுவது கஷ்டம். அக்கவுன்டிங் பரீட்சையை விட்டுவிட்டு கேம்ப் வரவா அக்கா என்று போன மாதம் ஒருத்தி கேட்டாள். எழுதிவிட்டு மத்தியானம் வா என்றேன்.