பீர் காய்ச்சப் பெரிய பாத்திரம்: 5 கேலனிலிருந்து மேலே போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குகிறவர்கள் வாங்கும் முதல் கிட்டில் பெரும்பாலும் 5 கேலன் பாத்திரம்தான் இருக்கும், அதாவது 19 லிட்டர். கூடவே வரும் செய்முறையும் 5 கேலன் பீருக்குத்தான். அந்தப் பாத்திரத்தில் 5 கேலனை முழுசாகக் கொதிக்க விட்டால் பொங்கி வழியும் என்பதால், இரண்டரை மூன்று கேலன் தண்ணீரில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றைக் கரைத்துக் கெட்டியாகக் கொதிக்க வைத்து, ஆறியதும் மீதிக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி நிரப்பச் சொல்வார்கள். நாலைந்து தடவை காய்ச்சப் பழகிவிட்டால் போதும், அடுத்து எல்லோருக்கும் வரும் கேள்வி இதுதான்: எவ்வளவு பெரிய பாத்திரம் வாங்கலாம்?

என் பதில் 10 கேலன், சுமார் 38 லிட்டர். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். பாத்திரம் மாறினால் அடுப்பு, ஆற வைக்கும் முறை, தூக்கி இறக்கும் வேலை எல்லாம் சேர்ந்தே மாறும். பாத்திரத்தை மட்டும் வாங்கி வந்துவிட்டு, கொதி வராமல் இரண்டு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, ஒரே ஒரு பெரியவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை சொந்தக் குடிப்புக்கு வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது. மாநிலச் சட்டம் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் அனுமதித்தன. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஆகவே இது அனுமதி உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும்.

முழு அளவையும் கொதிக்க வைப்பதில் என்ன லாபம்?

மால்ட்டின் இனிப்பு இறங்கிய திரவத்துக்கு வோர்ட் என்று பெயர். ஈஸ்ட் போட்டுப் புளித்த பிறகுதான் அது பீர். வோர்ட் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகத்தான் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கசப்பு அதில் இறங்கும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், 1.050 அடர்த்தி வோர்ட்டாக முடிய வேண்டியதைப் பாதித் தண்ணீரில் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் இருப்பது 1.100 அடர்த்தி. கசப்பைக் கணக்கிடும் டின்செத் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் ஹாப்ஸிலிருந்து இறங்கும் கசப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து போகிறது. அது மட்டுமில்லை, கெட்டியான வோர்ட் சீக்கிரம் கறுக்கும். வெளிர் நிறத்தில் வர வேண்டிய பீர் பழுப்பாக வந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பின்னாடி மால்ட் சாற்றை விட்டுவிட்டு முழுத் தானியத்திலிருந்தே காய்ச்சப் போகிறீர்கள் என்றால் பெரிய பாத்திரம் இல்லாமல் முடியவே முடியாது.

படி 1: கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

புளிக்கவிடும் பாத்திரத்துக்கு 19 லிட்டர் போய்ச் சேர வேண்டும் என்று வையுங்கள். கொதித்த பாத்திரத்தின் அடியில் ஹாப்ஸ் சக்கையும் வண்டலுமாக 2 லிட்டர் தங்கிவிடும். ஒரு மணி நேரக் கொதிப்பில் சுமார் 4 லிட்டர் ஆவியாகும் (இது அடுப்புக்கு அடுப்பு மாறும், கடைசிப் படியில் அளந்து பார்ப்போம்). கொதிநிலையில் திரவம் சுமார் 4 சதவீதம் விரிந்திருக்கும், அதற்கு ஒரு லிட்டர். மொத்தம் 26 லிட்டர். கொதி தொடங்கும்போது பாத்திரத்தில் இவ்வளவு இருக்க வேண்டும்.

இதற்கு மேல் நுரைக்கு இடம் வேண்டும். வோர்ட் முதல் கொதி வரும் நேரத்தில் அதிலுள்ள புரதம் திரண்டு, பால் பொங்குவது போல ஒரேயடியாக எழும்பும். கால் பங்கு பாத்திரம் காலியாக இருந்தால் கரண்டியை விட்டுக் கிளறியே சமாளித்துவிடலாம். 26 லிட்டருக்குக் கால் பங்கு காலி என்றால் 35 லிட்டர் பாத்திரம். கடையில் அதற்குப் பக்கத்தில் கிடைப்பது 38 லிட்டர், 10 கேலன். எட்டு கேலன், அதாவது 30 லிட்டர் பாத்திரத்திலும் முடியும், ஆனால் முதல் பத்து நிமிடம் கையில் தண்ணீர் தெளிப்பானோடு அடுப்பை விட்டு நகராமல் நிற்க வேண்டும்.

முழுத் தானியத்தைத் துணிப்பையில் கட்டி அதே பாத்திரத்தில் ஊற வைக்கும் முறை ஒன்று இருக்கிறது, இப்போது தொடங்குகிறவர்கள் பலர் அதற்குத்தான் போகிறார்கள். அதற்குக் கணக்கு கொஞ்சம் கூடும். ஒரு கிலோ தானியம் பாத்திரத்தில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும், பையைப் பிழிந்த பிறகும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். 5 கிலோ தானியம் போட்டால் மொத்தம் 32, 33 லிட்டர் வரும், 38 லிட்டரில் தாராளமாக அடங்கும். ஸ்டவுட் என்ற கனமான கறுப்பு பீர் ஒன்றுக்கு 8 கிலோ போட்டால் 36 லிட்டரைத் தாண்டும், பையைக் கிளறும்போதே விளிம்பில் தளும்பும். கனமான பீர்தான் அடிக்கடி காய்ச்சுவேன் என்கிறவர்கள் 15 கேலன் பாத்திரத்துக்கே போய்விடலாம்.

கடையில் அளவைக் குவார்ட்டில் எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம். நான்கு குவார்ட் ஒரு கேலன். 40 குவார்ட் என்றால் 10 கேலன்.

படி 2: அடுப்பு தாங்குமா?

இதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். அமெரிக்க வீட்டுச் சமையலறைக் காஸ் அடுப்பின் ஒரு பர்னர் பெரும்பாலும் மணிக்கு 7,000 முதல் 12,000 பிடியு (BTU, வெப்பத்தின் அளவு) வரைதான் தரும். 26 லிட்டரைத் துள்ளிக் கொதிக்க வைக்க அது திணறும். பாத்திரத்தை இரண்டு பர்னர் மேல் வைத்தும், பாதி மூடியும் கொதியைக் கொண்டு வரலாம், ஆனால் கொதி வந்த பிறகு மூடியை முழுசாக எடுத்துவிட வேண்டும். வேகவைத்த சோளம் போன்ற வாடையைத் தரும் டைமெத்தில் சல்பைடு ஆவியோடு வெளியே போக வேண்டும், மூடினால் அது திரும்பப் பாத்திரத்திலேயே சொட்டும். பில்ஸ்னர் என்ற வெளிர் மால்ட்டில் இது அதிகம், அதனால்தான் அதற்கு 90 நிமிடக் கொதிப்பு சொல்கிறார்கள்.

கண்ணாடி மேற்பரப்பு உள்ள மின் அடுப்பு என்றால் அதன் கையேட்டைத் திறந்து, எவ்வளவு எடை தாங்கும், பாத்திரம் வளையத்துக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கலாம் என்று பாருங்கள். நிறைந்த 10 கேலன் பாத்திரம் 30 கிலோவைத் தாண்டும். அடுப்புக்கு மேலே மைக்ரோவேவ் தொங்குகிறதா என்றும் அளந்து பாருங்கள், 40 சென்டிமீட்டர் உயரப் பாத்திரத்துக்கு மேல் கரண்டியை விட்டுக் கிளற இடம் வேண்டுமே.

வெளியே இடம் இருந்தால் புரொப்பேன் பர்னர்தான் நல்லது. 50,000 பிடியு இருந்தால் போதும். வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ, கதவைத் திறந்து வைத்துக்கொண்டுகூட, அதை ஒருபோதும் பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உயிர் போகிற விஷயம் இது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மின் கெட்டில் உண்டு. ஆனால் வாட்டைப் பாருங்கள். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும் 1,500 வாட் கம்பி, 25 லிட்டரை 65 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு போக, வெப்பம் துளிகூட வீணாகாவிட்டாலும் 40 நிமிடம் எடுக்கும், கொதி வந்த பிறகும் சோம்பலாகத்தான் இருக்கும். 240 வோல்ட்டில் 5,500 வாட் என்றால் அதே வேலை 11 நிமிடம். அந்த இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்து, எர்த் லீக்கேஜ் பாதுகாப்போடு போடுங்கள்.

படி 3: அலுமினியமா, எவர்சில்வரா?

இரண்டிலும் நல்ல பீர் வரும். அலுமினியம் விலை குறைவு, எடை குறைவு, எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் ஓரிடத்தில் மட்டும் அடிப்பிடிப்பது குறைவு. புதுப் பாத்திரத்தில் முதலில் வெறும் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள், உள்ளே மங்கலாகச் சாம்பல் நிறத்தில் ஆக்சைடு படலம் படியும். அதுதான் பாத்திரத்தைக் காப்பது. கம்பி நார் போட்டுப் பளபளப்பாக்காதீர்கள், காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள், அது அலுமினியத்தையே அரிக்கும்.

எவர்சில்வர் என்றால் 304 தரம், அடிகனமானது. ஒரே மெல்லிய தகட்டில் அடித்த பாத்திரத்தில் மால்ட் சாறு சட்டென்று அடிப்பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாடை பீரிலிருந்து போகவே போகாது. (எந்தப் பாத்திரமானாலும் சாற்றை ஊற்றும்போது அடுப்பை அணைத்துவிட்டு, முழுசாகக் கரைந்த பிறகு பற்ற வையுங்கள்.) நடுவில் அலுமினியம் வைத்த மூன்றடுக்கு அடிப்பாகம் கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் கையில் ஒரு காந்தத்தோடு போங்கள், அடியில் ஒட்டினால்தான் சூடாகும். குளோரின் பிளீச்சில் ஊற வைத்தால் எவர்சில்வரிலும் குழி விழும்.

எனாமல் பாத்திரம் வேண்டாம். ஒரு இடத்தில் பூச்சு உதிர்ந்தால் அங்கே துரு.

படி 4: உயரமும் அகலமும்

வீட்டில் பிரியாணி போடும் பெரிய அண்டா இருக்கிறதே, அதிலேயே காய்ச்சலாமா என்று கேட்பார்கள். காய்ச்சலாம். ஆனால் வாய் அகலமாக இருப்பதால் தண்ணீர் வேகமாக வற்றும், பர்னருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஆற வைக்கும் சுருள் முழுசாக மூழ்காது. உயரம் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் வசதி. 35 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம் என்றால் கிட்டத்தட்ட சரியாக 38 லிட்டர்.

படி 5: வால்வு கட்டாயம்

தெர்மாமீட்டர், வெளிப்பக்கக் கண்ணாடிக் குழாய் இதெல்லாம் இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. அடியில் வால்வு மட்டும் இருக்க வேண்டும். கொதிக்கிற சர்க்கரைத் திரவம் 26 லிட்டரை யாரும் கையால் தூக்கிச் சாய்க்கக் கூடாது, அது தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும்.

அரை அங்குல பால் வால்வு (ball valve, உள்ளே ஓட்டை போட்ட உருண்டை திரும்பித் திறப்பது) வாங்குங்கள், அதிலும் மூன்று துண்டாகக் கழற்றக்கூடியது. கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும்: உருண்டைக்கும் அதைச் சுற்றியுள்ள வெள்ளை வளையத்துக்கும் நடுவே போன தடவை வோர்ட் பழுப்பாகக் காய்ந்து, ஹாப்ஸ் துணுக்கோடு ஒட்டியிருக்கும். கழற்ற முடியாத வால்வில் அது அங்கேயே கிடந்து கெட்டுப்போகும்.

ஓட்டை இல்லாத பாத்திரம் விலை மலிவாகக் கிடைத்தால், வெல்டிங் இல்லாமல் சிலிக்கோன் வளையத்தோடு மாட்டும் பொருத்தி கிடைக்கிறது. படிப்படியாக அகலும் டிரில் பிட் போட்டு, எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் துளையுங்கள். பெரும்பாலும் 13/16 அங்குல ஓட்டை கேட்பார்கள், ஆனால் பொருத்தியோடு வரும் தாளில் போட்டிருக்கும் அளவையே பின்பற்றுங்கள்.

படி 6: ஆற வைப்பது

மூன்று கேலனைச் சமையலறைத் தொட்டியில் ஐஸ் போட்டு ஆற வைத்தீர்கள். ஆறு கேலன் அப்படி ஆறாது, தொட்டியிலும் அடங்காது. செம்புக் குழாய்ச் சுருள் ஒன்று வேண்டும், இந்த அளவுக்கு 25 அடி நீளம் போதும். கொதிப்பின் கடைசி 15 நிமிடத்தில் உள்ளே இறக்கினால் அதுவும் சுத்தமாகிவிடும், அடுப்பை அணைத்ததும் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதுதான். பிளாஸ்டிக் குழாயின் முனை பர்னர் தீ பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உருகிவிடும்.

படி 7: எங்கே வாங்கலாம்

நவம்பர் கடைசியில் வரும் தேங்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த மறு வாரம் வான்கோழி பொரிக்கும் செட்டுகள் தள்ளுபடிக்கு வரும். 30 குவார்ட் அலுமினியப் பாத்திரமும் புரொப்பேன் பர்னரும் சேர்ந்தே கிடைக்கும். ஏழரை கேலன் நம் கணக்குக்கு இறுக்கம்தான், ஆனால் பர்னருக்காகவே வாங்கலாம். எண்ணெய்ப் பாதுகாப்புக்காகச் சிலவற்றில் டைமர் இருக்கும், கால் மணிக்கு ஒருமுறை திருகாவிட்டால் காஸ் நின்றுவிடும், ஒரு மணி நேரக் கொதிப்புக்கு அது பெரிய தொல்லை. டைமர் இல்லாததாகப் பாருங்கள். மெக்சிகன் கடைகளில் டமாலே (சோள மாவில் செய்யும் பண்டம்) வேகவைக்கும் அலுமினியப் பாத்திரங்கள் நல்ல விலைக்குக் கிடைக்கும். துணிப்பை முறைக்குப் போகிறவர்கள் பேயூ கிளாசிக் என்ற நிறுவனத்தின் 44 குவார்ட் எவர்சில்வர் பாத்திரத்தைப் பாருங்கள், கூடையோடு வரும்.

பழைய பீர் பீப்பாயின் மேல்பக்கத்தை வெட்டியும் காய்ச்சுவார்கள், 15.5 கேலன், நல்ல உறுதி. ஆனால் டெபாசிட் கட்டி எடுத்து வந்த பீப்பாய் மதுவாலைக்குச் சொந்தம், டெபாசிட் கட்டியதால் உங்களுடையது ஆகாது. முறையாக விற்கப்பட்டதை மட்டும் வெட்டுங்கள்.

படி 8: முதலில் வெறும் தண்ணீர்

வாங்கிய அன்றே பீர் காய்ச்ச வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி (தொழிற்சாலை எண்ணெய் ஒட்டியிருக்கும்), வால்வை மாட்டி, 26 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். ஒவ்வொரு 2 லிட்டருக்கும் நீளமான மரக்கரண்டியில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தால் அளவுகோல் தயார். 35 சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்.

பற்ற வையுங்கள். கொதி வர எவ்வளவு நேரம், வால்வைச் சுற்றிச் சொட்டுகிறதா என்று பாருங்கள், குளிர்ந்த தண்ணீரில் கசியாத வளையம் சூட்டில் கசியும். கொதி வந்ததும் மட்டத்தைக் குறித்து, மூடி இல்லாமல் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் குறியுங்கள். வித்தியாசம்தான் உங்கள் அடுப்பின் ஆவியாகும் அளவு. முதல் படியில் 4 லிட்டர் போட்ட இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் முதல் பேட்ச்சுக்குப் பழைய கிட் செய்முறையையே எடுத்தீர்கள் என்றால், அது பாதிக் கொதிப்புக்கு எழுதியது என்பதை நினைவில் வையுங்கள். இப்போது அதே ஹாப்ஸிலிருந்து கசப்பு கூடுதலாக இறங்கும். 60 நிமிடம் கொதிக்கும் ஹாப்ஸில் கால் பங்கைக் குறையுங்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் மணத்துக்காகப் போடுவதை அப்படியே விடுங்கள்.