நேப்பிள்ஸ் பாணி பீட்சா உணவகத்துக்கு முதன்முறையாகச் செல்வோருக்கான செய்முறை விளக்கம்

கொழும்பில் பீட்சா என்றதும் தடித்த அடியும் நிறைய சீஸும் கொண்ட, வீட்டுக்கு வரவழைத்து ஆறுதலாக உண்ணும் வகையே பலருக்கும் நினைவில் வரும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பாணி பீட்சாவோ 400 பாகை செல்சியஸைத் தாண்டிய அடுப்பில் 60 முதல் 90 விநாடிகளுக்குள் வெந்துவிடுவதால், மேசைக்கு வந்த சில நிமிடங்களிலேயே உண்ணப்பட வேண்டியதாகும். கீழ்வரும் படிகள் இதனை மனதிற்கொண்டே எழுதப்பட்டவை.

படி 1: இடம் பிடித்தல்

வெள்ளி, சனி இரவுகளில் செல்வதாயின் முன்கூட்டியே தொலைபேசியில் மேசை ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். வார நாட்களில் மாலை ஆறரை மணிக்கே போய்விடுவது நல்லது.

படி 2: பட்டியலை வாசித்தல்

முதன்முறை செல்வோர் 'மார்கரீட்டா' என்ற பீட்சாவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. தக்காளி, மொசரெல்லா சீஸ், பேசில் இலை, ஒலிவ் எண்ணெய் ஆகியவை மட்டுமே அதில் இருப்பதால், மாவின் தரமும் அடுப்பின் தரமும் மறைக்க வழியின்றி வெளிப்பட்டுவிடும். மரினாரா அதனினும் எளியது. தக்காளி, உள்ளி, ஒரிகானோ என்ற மூலிகை, ஒலிவ் எண்ணெய் என்பவற்றோடு நின்றுவிடும் அதில் சீஸே இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் காக்கும் வீட்டாருக்கு இது பொருந்தும் என்றாலும், உள்ளியையும் தவிர்ப்பவர்கள் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

சைவ உணவினர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இத்தாலியின் பார்மிஜானோ சீஸ், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து பெறப்படும் நொதியத்தால் பாலைத் திரளச் செய்தே தயாரிக்கப்படுகிறது; சில உணவகங்கள் அதனை மார்கரீட்டாவின் மேலும் தூவுவதுண்டு. 'நாப்போலி' என்ற பெயருள்ள பீட்சாவில் பெரும்பாலும் நெத்தலியை ஒத்த உப்பு மீன் இருக்கும். 'டியாவோலா' பீட்சாவிலுள்ள காரமான சலாமி (பதப்படுத்திய இறைச்சி) வழமையாகப் பன்றியிறைச்சியில் செய்யப்படுவது. ஹலால் உணவு உண்போர் கேட்டுத் தெளிவது அவசியம்.

படி 3: கட்டளையிடுதல்

நேப்பிள்ஸில் ஆளுக்கு ஒரு பீட்சா என்பதே வழக்கம். விட்டம் 35 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம் எனினும் நடுப்பகுதி மிக மெல்லியது. ஆயினும் நம்மவர் பகிர்ந்து உண்பவர்கள். நான்கு பேர் சென்றால் முதலில் இரண்டை மட்டும் வரவழைத்து, அவற்றை முடிக்கும் தறுவாயில் அடுத்த இரண்டைச் சொல்லுங்கள். ஒரே தடவையில் நான்கையும் வரவழைத்தால் கடைசித் துண்டுகள் ஆறிப்போகும். அடுப்பில் ஒரே நேரத்தில் சிலவே வேகும் என்பதால், நெரிசலான இரவில் காத்திருப்பு சுடுவதற்கன்று, உங்கள் முறை வருவதற்கே.

படி 4: உண்ணுதல்

எல்லோருக்கும் வரட்டும் எனக் காத்திருக்கும் நம் மரியாதையை இங்கு சற்றுத் தள்ளிவைத்து, வந்ததை உடனே உண்ணத் தொடங்குங்கள். புகைப்படமும் ஒன்று போதும். ஓரத்தில் காணப்படும் கரும்புள்ளிகள் கடுஞ்சூட்டின் அடையாளம், ஆகையால் கருகிவிட்டது என்று திருப்பி அனுப்பத் தேவையில்லை. அடிப்பகுதி முழுவதும் கரியாகிக் கசந்தால் மட்டும் சொல்லலாம். நடுப்பகுதி ஈரமாக இருப்பதும் இயல்பே. வெட்டாமல் வந்தால் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் நடுவிலிருந்து உண்ணலாம், அல்லது துண்டாக்கி முனையை உள்நோக்கி மடித்துக் கையால் எடுக்கலாம். தக்காளிச் சோஸைக் கேட்க விரும்புவோர், முதல் துண்டையாவது அது இல்லாமல் சுவைத்துப் பாருங்கள். மிஞ்சியதைப் பெட்டியில் கட்டிச் சென்றால் அதன் நீராவியிலேயே ஊறிவிடும். அடுத்த நாள் எண்ணெயில்லாத தாச்சியில் சூடாக்கினால் அடிப்பகுதி ஓரளவு மொறுமொறுப்பாகும்.

படி 5: பணம் செலுத்துதல்

பட்டியலிலுள்ள விலையில் சேவைக் கட்டணமும் பெறுமதி சேர் வரியும் அடங்குமா என்பதைக் கட்டளையிடும்போதே கேட்டறியுங்கள். கொழும்பு உணவகங்களில் சேவைக் கட்டணம் வழமையாக 10 சதவீதம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்டது. இரண்டும் தனியே சேர்க்கப்படுமாயின் இறுதித் தொகை கணிசமாக உயரும். வாசலில் பலர் காத்திருப்பார்கள் ஆதலால், தேநீரையும் பேச்சையும் வேறிடத்தில் வைத்துக்கொள்வதே நாகரிகம்.