அப்டேட் போட்டாச்சு, ரீகால் முடிந்ததா? மின்சார கார் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைபாடுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுப்பதுதான் ரீகால். அந்த அறிவிப்பு வந்ததும் புதிதாக மின்சார கார் வாங்கியவர்கள் செய்கிற தவறுகளில் புதிது எதுவும் இல்லை. முதல் தலைமுறை மின்சார கார்களை ஓட்டியவர்கள் செய்து, சூடுபட்டு, விட்டவைதான் எல்லாம். கடிதத்தைப் பிரிக்காமல் போட்டுவைப்பது, ‘வண்டி நல்லாத்தானே ஓடுது’ என்று தள்ளிப்போடுவது ஆகியவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தவறு என்பது செய்கிறவருக்கே தெரியும். சரியாகத்தான் செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு செய்யப்படும் தவறுகள் வேறு.

மாடல் பெயரை வைத்துத் தேடுவது

‘என் மாடலுக்கு ரீகால் வந்திருக்கிறதாம்’ என்பதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும், எந்தத் தொழிற்சாலையில் எந்த வாரம் செய்த பாகம் உள்ளே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு கார் பட்டியலில் இருக்கும், பக்கத்துக் கார் இருக்காது. தேட வேண்டியது 17 எழுத்து கொண்ட வாகன அடையாள எண்ணை வைத்து. பேச்சு வழக்கில் சேஸிஸ் நம்பர். முன் கண்ணாடியின் கீழ் மூலையிலோ, ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ, பதிவுச் சான்றிதழிலோ இருக்கும். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. எனவே வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம், ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் அது ஒன்று. ‘உங்கள் எண் தவறு’ என்று திரை சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்று: செய்தி வெளியான அன்றே எல்லா எண்களும் ரீகால் தேடல் தளத்தில் ஏறியிருக்காது. ‘ரீகால் எதுவும் இல்லை’ என்று முதல் நாள் வந்த பதிலை நம்பி உட்காராமல், சில வாரம் கழித்து மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றி மட்டும் கவலைப்படுவது

மின்சார காரிலும் சக்கரம், ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் உண்டு. 2022 ஜூனில் டொயோட்டா பிஇசட்4எக்ஸ் காருக்கு வந்த ரீகால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஹப் போல்ட் பற்றியது. போல்ட் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடலாம் என்பதால், சரிசெய்யும் வரை காரை ஓட்டவே வேண்டாம் என்று நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் ரிவியன் தன் வண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப அழைத்தது, முன் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் நக்கிள் என்ற பாகத்தில் ஒரு போல்ட் சரியான முறுக்கில் இறுக்கப்படவில்லை என்பதற்காக. சில நிமிட வேலை. ஆனால் தளர்ந்தால் வளைவில் கட்டுப்பாடு போகும்.

கடிதத்தில் முதலில் தேட வேண்டிய வரி ‘ஓட்டலாமா, கூடாதா’ என்பது. ‘ஓட்டாதீர்கள்’ என்றிருந்தால் சர்வீஸ் சென்டருக்கும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்; இழுவை வண்டி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் கட்டத்தையே முழுத் தீர்வு என்று எடுத்துக்கொள்வது

எத்தனை முறை சொன்னாலும் மறுபடி மறுபடி நடக்கிற தவறு இது. எரிச்சல் வருவதும் இதில்தான்.

பெரிய ரீகால்கள் பல நேரம் இரண்டு கட்டமாக நடக்கும். குறைபாடு தெரியவந்த நாளில் மாற்றுப் பாகம் கையில் இருக்காது. பல்லாயிரம் பேட்டரி பேக்குகளை ஒரே மாதத்தில் செய்துதர எந்தத் தொழிற்சாலையாலும் ஆகாது. எனவே முதலில் ஒரு தடுப்பு ஏற்பாடு வரும்: சார்ஜை 80 அல்லது 90 சதவீதத்தில் நிறுத்துங்கள், கட்டடத்தை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், இந்த சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள். உண்மையான பழுதுபார்ப்பு மாதக்கணக்கில் கழித்து, இன்னொரு கடிதத்தில் வரும். முதல் கட்டத்தில் திரையில் ‘அப்டேட் முடிந்தது’ என்று வந்ததும் உரிமையாளர் அந்த ரீகாலை மனதிலிருந்து அழித்துவிடுகிறார். இரண்டாவது கடிதம் வரும்போது, ‘இது பழைய விஷயம், அப்பவே செஞ்சாச்சு’ என்று ஓரமாக வைத்துவிடுகிறார்.

நடந்ததைப் பாருங்கள். 2020 அக்டோபரில் ஹூண்டாய் கோனா மின்சார காருக்குத் தென் கொரியாவில் ரீகால் வந்தது. தீர்வு, பேட்டரி மேலாண்மை அமைப்புக்கு ஒரு சாஃப்ட்வேர் அப்டேட். 2021 ஜனவரியில் தேகு நகரில் ஒரு கோனா தீப்பிடித்தது. அந்த அப்டேட் ஏற்கெனவே போடப்பட்ட கார் அது. அடுத்த மாதமே உலகம் முழுவதும் சுமார் 82,000 வாகனங்களுக்குப் பேட்டரியையே மாற்றித் தருவதாக அறிவித்தார்கள்.

செவ்ரலே போல்ட் என்ற காரின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2020 நவம்பரில் முதல் ரீகால். சார்ஜ் 90 சதவீதத்தைத் தாண்டாதபடி கட்டுப்பாடு. 2021-ல் கோளாறு இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியும் புது சாஃப்ட்வேரும் வந்தன. அவற்றைச் செய்துமுடித்த கார்களும் எரிந்தன. அதில் ஒன்று வெர்மான்ட் மாநிலத்தில், சார்ஜில் இருந்தபோது. ஆகஸ்டில் 2017 முதல் 2022 வரையிலான மாடல் வருடங்களின் எல்லா போல்ட்டும், சுமார் 1,42,000 கார்கள், பட்டியலுக்குள் வந்தன. காரணம் செல்லுக்குள் இருந்த இரண்டு தயாரிப்புக் குறைகள்: ஆனோடு என்ற மின்முனையின் தகடு கிழிந்திருப்பது, இரு மின்முனைகளையும் பிரித்துவைக்கும் மெல்லிய சவ்வு மடங்கியிருப்பது. இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தால் ஷார்ட் ஆகலாம். மடங்கிப்போன சவ்வை எந்த சாஃப்ட்வேராலும் நீவிவிட முடியாது. சாஃப்ட்வேர் காவல்தான் காக்கும்.

தீ என்றால்தான் பயமா? ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ காரை எடுத்துக்கொள்ளுங்கள். உயர் மின்னழுத்த பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சுகளான கான்டாக்டர்கள், வேகச் சார்ஜிங்கிலும் ஆக்சிலரேட்டரை அடிக்கடி முழுதாக அழுத்துவதிலும் சூடேறின. தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் கார் அடுத்த முறை கிளம்பாது. ஓடும்போது திறந்துகொண்டால் நடுச்சாலையில் மோட்டாரின் சக்தி போய்விடும். 2022 ரீகாலில் கொடுத்தது சாஃப்ட்வேர். வெப்பத்தைக் கவனித்துத் திறனைக் குறைக்கும். 2023-ல் மறுபடியும் ரீகால். இம்முறை கான்டாக்டர்கள் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸையே மாற்றினார்கள். ‘நான் போன வருஷமே அப்டேட் போட்டுட்டேனே’ என்றவர்களுடைய கார்களுக்காகத்தான் அந்த இரண்டாவது ரீகாலே வந்தது.

ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 கார்களின் ஐசிசியு விவகாரமும் இப்படியே போனது. ஐசிசியு என்பது வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற வடிவில் மாற்றுவதையும், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தருவதையும் ஒரே பெட்டியில் செய்யும் பாகம். அது பழுதானால் 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகாது. எச்சரிக்கை விளக்கு எரியும், வேகம் படிப்படியாகக் குறையும், கடைசியில் கார் நின்றுவிடும். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ஒரு ரீகால், அதே ஆண்டு நவம்பரில் இன்னொன்று. முதல் ரீகாலில் வேலை முடித்தவர்களும் இரண்டாவதற்கு மறுபடி வர வேண்டும் என்று தெளிவாகவே சொல்லப்பட்டது.

இதைப் படித்துவிட்டு ‘சாஃப்ட்வேர் என்றாலே தற்காலிகம்’ என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. பின்னால் வந்த போல்ட் கார்கள் பலவற்றுக்கு சாஃப்ட்வேரே இறுதித் தீர்வாக ஆனது. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி, சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடும் வரை பேட்டரியைக் கண்காணிக்கும். கோளாறு எதுவும் தென்படவில்லை என்றால் தானாகவே 100 சதவீதத்துக்குத் திறந்துவிடும். சந்தேகம் தெரிந்த பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஆக, எது இறுதி, எது இடைக்காலம் என்பதை ஊகிக்கக் கூடாது. கடிதத்தில் எழுதியிருக்கும், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கேட்கிற இடம் சர்வீஸ் சென்டரின் டெலிவரி கவுன்ட்டர். அங்கே வழக்கமாக நடக்கிற பேச்சு இது:

“அப்டேட் போட்டாச்சு சார், இனிமே பிரச்சனை இல்ல.”

“எந்த ரீகால் நம்பருக்குத் தம்பி?”

“அது... சிஸ்டத்துல இருக்கும் சார்.”

சிஸ்டத்தில் இருந்தால் போதாது, செய்த வேலையை எழுதித் தரும் ஜாப் கார்டில் இருக்க வேண்டும். சாவியை வாங்குவதற்கு முன் அதில் இவற்றைத் தேடுங்கள்: ரீகால் எண், செய்த வேலை சோதனையா, அப்டேட்டா, பாகம் மாற்றியதா, மாற்றியிருந்தால் பழைய, புதிய பாக எண்கள், அப்டேட் என்றால் முன்பிருந்த பதிப்பும் இப்போதைய பதிப்பும், தேதி, ஓடிய கிலோமீட்டர். ‘பொதுச் சோதனை, சாஃப்ட்வேர் அப்டேட்’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள். வழக்கமான சர்வீஸில் போடுகிற அப்டேட் வேறு, ரீகாலுக்கான அப்டேட் வேறு. இரண்டு வாரம் கழித்து அந்த 17 எழுத்தைத் தேடல் தளத்தில் மறுபடி அடித்துப் பாருங்கள். ரீகால் இன்னும் நிலுவை என்று காட்டினால், ஒன்று இறுதி வேலை நடக்கவில்லை, அல்லது நடந்ததைப் பதிவு செய்யவில்லை. இரண்டுக்குமே ஜாப் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

சார்ஜ் வரம்பை ‘ஒரே ஒரு நாள்’ ஏற்றுவது

நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு இது நடக்கும். 90-ல் நிறுத்தியிருந்ததை 100 ஆக்கி, கராஜுக்குள் பூட்டி, சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். போல்ட் கார் உரிமையாளர்களுக்குத் தரப்பட்ட அறிவுரையில் மேல் வரம்பு மட்டும் இல்லை. மீதி ஓடுதூரம் சுமார் 113 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது, சார்ஜ் முடிந்ததும் வெளியே நிறுத்த வேண்டும், இரவு முழுக்க உள்ளே சார்ஜ் போடக் கூடாது என்பவையும் இருந்தன. மேலே 90-ஐக் காப்பாற்றிவிட்டுக் கீழே 5 சதவீதம் வரை ஓட்டுகிறவர் அறிவுரையில் பாதியைத்தான் கடைப்பிடிக்கிறார். பயணம் போக வேண்டியிருந்தால் வழியில் கூடுதலாக ஒரு முறை நின்று சார்ஜ் போடுங்கள்.

அப்பாயின்ட்மென்ட் மட்டும் வாங்கிக்கொண்டு போவது

தேதி கொடுத்துவிட்டார்கள் என்பதால் பாகம் வந்துவிட்டது என்று பொருளில்லை. முதலில் போன் செய்து ரீகால் எண்ணைச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள்: பாகம் கையிருப்பில் இருக்கிறதா, உயர் மின்னழுத்த வேலைக்குத் தகுதி பெற்ற டெக்னீஷியன் அன்று இருப்பாரா, எத்தனை நாள் ஆகும். போல்ட்டின் பேட்டரி பேக் மட்டும் 430 கிலோ எடை. அதை இறக்க தனி லிஃப்ட் மேசை வேண்டும். எல்லா சர்வீஸ் சென்டரிலும் அது இருக்காது. நாள்கணக்கில் ஆகும் என்றால் மாற்று வண்டி கிடைக்குமா என்பதையும் அதே போனில் பேசிவிடுங்கள்.

ரீகால் சார்ஜிங் தொடர்பானது என்றால் உங்கள் சார்ஜிங் கேபிளையும் எடுத்துப் போங்கள். பின் நம்பர் கேட்கும் பூட்டு எதையாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எவ்வளவு சார்ஜோடு வர வேண்டும் என்றும் கேளுங்கள்; பேட்டரியில் கைவைக்கிற வேலைக்கு முழு சார்ஜோடு போய் நிற்பது யாருக்கும் உதவாது.

12 வோல்ட் பேட்டரியை மறப்பது

வீட்டில் நின்றபடியே இணையம் வழியாக வரும் ரீகால் அப்டேட் பாதியில் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சின்னப் பேட்டரியை. கார் நிற்கும்போதும் மின்சாரம் இழுக்கும் டேஷ் கேமரா, டிராக்கர் போன்றவற்றைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்டேட் முடிந்தபின் சார்ஜ் வரம்பு, சார்ஜ் நேர அட்டவணை இரண்டையும் பாருங்கள். சில நேரம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

வாரண்டி முடிந்துவிட்டதே என்று விடுவது

வாரண்டிக்கும் ரீகாலுக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, கார் முதன்முதலில் விற்ற நாளிலிருந்து 15 ஆண்டு வரை ரீகால் வேலை இலவசம். பாகம், கூலி, அந்த வேலைக்காகத் திறந்தபோது வழிந்த கூலன்ட், மாற்றிய சீல் எல்லாம் அதில் அடக்கம். ‘டயக்னாஸ்டிக் கட்டணம்’ என்று ஒரு வரி பில்லில் இருந்தால், அது எந்த வேலைக்கு என்று கேளுங்கள்.

ரீகாலில் பேட்டரி பேக் மாறினால் புது பேக்குக்குத் தனி வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். போல்ட்டில் மாற்றிய பேக்குகளுக்கு 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று புதிதாகக் கொடுத்தார்கள்.

பழைய பில்லைத் தூக்கிப்போடுவது

ரீகால் அறிவிக்கும் முன்பே அதே கோளாறுக்குக் கைக்காசு செலவழித்திருந்தால், பல நாடுகளில் திருப்பிக் கேட்கலாம். பில், பணம் கட்டிய சான்று, வாகன அடையாள எண், மாற்றிய பாகத்தின் பெயர் நான்கும் வேண்டும். ‘எலக்ட்ரிகல் வேலை’ என்று மொட்டையாக எழுதிய பில் செல்லாது.

தானே திறந்து பார்ப்பது

ஆரஞ்சு நிறக் கேபிளில் 400 வோல்ட். சில கார்களில் 800.

செகண்ட் ஹேண்ட் காரில் கடிதத்துக்குக் காத்திருப்பது

கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போகும். வாங்கிய வாரமே தயாரிப்பாளரிடம் பெயர், முகவரியை மாற்றுங்கள். காரின் ஆப் கணக்கையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அது பழையவரிடமே இருந்தால், அப்டேட் தயாராக இருக்கிறது என்ற அறிவிப்பு அவருடைய போனில்தான் ஒலிக்கும். வாங்கும்போது, ‘ரீகால் எல்லாம் முடிச்சாச்சு’ என்று விற்பவர் சொன்னால் ஜாப் கார்டைக் கேளுங்கள். அவர் கையில் இருப்பது முதல் கட்ட அப்டேட்டின் ஜாப் கார்டாகவும் இருக்கலாம். தேதியைப் பாருங்கள்.