ஈரல் சுருக்கத்துக்கு ஸ்டெம் செல்: காசு கட்டமுன் செய்ய வேண்டியவை

ஈரல் சுருங்கி (சிரோசிஸ்) வயிற்றில் நீர் கட்டத் தொடங்கிய பிறகுதான் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) பேச்சு பெரும்பாலும் வீட்டுக்குள் வரும். அதற்காக இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட்டை எடுக்கமுன் கிளினிக் கொப்பியை எடுங்கள். பிலிருபின், கிரியேட்டினின், ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் நேரத்தின் அளவு), சோடியம் என்ற நான்கு இரத்த அளவுகளையும் வைத்து 'மெல்ட்' புள்ளி கணக்கிடுவார்கள். அது 6 இலிருந்து 40 வரை போகும்; கூடக் கூட நோய் கடுமை. புள்ளி 15 ஐ எட்டினாலோ, வயிற்றில் நீர், இரத்த வாந்தி, புத்தித் தடுமாற்றம் என ஏதாவது வந்தாலோ, ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றி வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். மட்டக்களப்பு, அம்பாறை கிளினிக்குகளுக்குப் போகிறவர்கள் ராகமவிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்கலாம். அங்கே இந்தச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். வேறெங்கோ ஓடித் திரியும் மாதங்களில் உடல் சத்திரசிகிச்சையைத் தாங்காத நிலைக்குப் போய்விடலாம்.

ஸ்டெம் செல் உறுதியாகப் பலன் தருவது இரத்த நோய்களில். என்புமச்சை மாற்று என்பது அதுதான். ஈரலுக்கென்றால், இடுப்பெலும்பிலோ தொப்புள்கொடியிலோ எடுத்த செல்லை நாளத்தில் அல்லது ஈரல் நாடியில் ஏற்றுகிறார்கள். அது புது ஈரலாக வளர்வதில்லை. அழற்சியையும் தழும்பையும் குறைக்கும் என்பதே எதிர்பார்ப்பு. சில சிறு ஆய்வுகளில் இரத்த அளவுகள் கொஞ்சம் தேறியதுண்டு. ஆனால் பிரித்தானியாவில் 81 பேரிடம் நடந்து 2018 இல் வெளியான 'ரியலிஸ்டிக்' ஆய்வில், நோயாளியின் சொந்தச் செல்லை ஏற்றியும் மெல்ட் புள்ளி இறங்கவில்லை. கடுமையான பாதக விளைவுகள் செல் ஏற்றியவர்களுக்கே கூடுதலாக வந்தன.

அப்படியும் சென்னைக்குப் போவதென்றால் ஆய்வுப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். இந்தியாவில் அது சி.டி.ஆர்.ஐ. என்றும் இலங்கையில் எஸ்.எல்.சி.டி.ஆர். என்றும் தொடங்கும். இணையத்தில் போட்டுப் பார்த்தால் நோயின் பெயரும் ஆஸ்பத்திரியும் ஒத்துப்போக வேண்டும். முழங்கால் வலி ஆய்வின் இலக்கத்தைக் காட்டி ஈரலுக்கு ஏற்ற முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டலின்படி, இரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர்ந்த மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள்தான் நடக்கலாம். ஆகவே ஆய்வைப் பற்றிச் சொல்லாமல் 'பக்கேஜ்' விலை சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். பிளேட்லட் (இரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) எவ்வளவுக்குக் குறைந்தால் செய்யமாட்டீர்கள் என்றும் கேளுங்கள். ஈரல் சுருங்கியவருக்கு இரத்தம் உறைவது சீராக இராது; ஊசி குத்திய இடுப்பிலும் தொடையிடுக்கிலும் கசியும். நாடியைப் படமெடுக்க ஏற்றும் மருந்து சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

வீட்டில் செய்வதுதான் நாளாந்தம் பலன் தரும். உப்பு முழு நாளுக்கும் ஒரு மட்டத் தேக்கரண்டி, அதாவது 5 கிராம். கருவாடு, மாசிச் சம்பல், அச்சாறு, அப்பளம் உள்ள சாப்பாட்டில் அது ஒரு நேரத்திலேயே முடிந்துவிடும். மஞ்சள் காமாலை என்று மீன், முட்டையை நிறுத்துவது நம் பக்கத்துப் பழக்கம். அது தசையைக் கரைக்கும். உடல் நிறை கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோக்காரருக்கு 72 முதல் 90 கிராம். படுக்கமுன் பால், வாழைப்பழம், இரண்டு துண்டு பாண் கொடுங்கள். இந்த ஈரலால் இரவுப் பட்டினியைச் சமாளிக்க முடியாது. வாவி நண்டு, இறால், மட்டி நன்றாக வெந்திருக்க வேண்டும். வலிக்கு டைக்ளோபெனக், இபுபுரூபன் கூடவே கூடாது. பனடோல் 500 மில்லிகிராம், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். சாராயமும் கசிப்பும் ஒரு சொட்டும் ஆகாது.

காலையில் சலம் போனபின் நிறை பாருங்கள். நீர் போக்கும் குளிசையில் கால் வீக்கமில்லாதவருக்கு நாளுக்கு அரைக் கிலோவும், வீக்கமுள்ளவருக்கு ஒரு கிலோவும் குறைந்தால் போதும். அதற்கு மேல் இறங்கினால் சிறுநீரகம் அடிபடும். லக்டுலோஸ் பாணியின் அளவை நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாக வயிறு போகும்படி வைத்தியர் சொன்ன எல்லைக்குள் கூட்டிக் குறையுங்கள். தண்ணியாகப் போனால் அளவு கூடிவிட்டது. தினமும் ஒரே தாளில் பெயர் எழுதச் சொல்லுங்கள்: எழுத்து கோணத் தொடங்கினால், பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், மூளை பாதிக்கப்படுகிறது.

காய்ச்சலோடு வயிறு நொந்தாலோ, மலம் தார் போல் கறுத்தாலோ, ஆள் தடுமாறினாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆஸ்பத்திரியில் வயிற்று நீரை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீரில் கிருமி இருந்தால் அன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும்.