களியக்காவிளை எல்லையில் வீடும் மனையும் மதிப்பிடுவது எப்படி?

தமிழ்நாடு-கேரள எல்லையில் மார்த்தாண்டம், களியக்காவிளை, கேரளத்தின் பாறசாலை வட்டாரத்தில் சொத்து மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்து சென்ட் மனை, அதில் 20 வருடப் பழைய காங்கிரீட் வீடு, வங்கிக் கடனுக்கு மதிப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பத்திரம். இடத்தைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே படித்துவிடுங்கள். நம் தமிழ்நாட்டுப் பக்கம் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (சர்வே வரைபடம்). கேரளப் பக்கம் ஆதாரம் (பத்திரம்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது. 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், பழைய பத்திரம் மலையாள எழுத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. 1120 என்றால் 1944-45.

பரப்பையும் கவனியுங்கள். கேரளப் பத்திரத்தில் 'ஆர்' கணக்கு வரும். ஒரு ஆர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

அடுத்தது, நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிற இடம். பாறசாலைப் பக்கத்து வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்று இருந்தால், தமிழில் படிக்கிற நமக்குச் சாதாரணமாகத் தெரியும். அங்கே அது நெல்வயல்! வீட்டுமனைக்கும் தோட்டத்துக்கும் 'புரையிடம்' என்றுதான் எழுதுவார்கள். எப்போதோ மண் நிரப்பித் தென்னை வைத்திருந்தாலும், பதிவில் நிலம் என்றால் 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். பக்கத்துப் புரையிடத்தின் விலையை அதற்குப் போடவே கூடாது. நெல்வயல், ஈரநிலங்களின் அரசுப் பட்டியலான டேட்டா பேங்கில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சரி, இனி டேப்போடு இடத்துக்கு. நான்கு எல்லைகளையும் நடந்து அளங்கள். மனைக்குப் போகும் வழியை மட்டும் ஒரே இடத்தில் அளந்துவிட்டு வராதீர்கள். தொடக்க காலத்தில் நான் அப்படிச் செய்தேன். பத்திரத்தில் 12 அடி வழி, ரோட்டு முனையில் டேப் பிடித்தபோதும் 12 அடி. உள்ளே பலா மரத்து வளைவில் கய்யாலை (எல்லைச் சுவர்) வெளியே தள்ளி வந்து 7 அடிதான் இருந்தது. அதை நான் அளக்கவில்லை. கார் போகாத மனைக்குக் கார் போகிற விலை போட்டேன். மறு மதிப்பீட்டில் தொகை இறங்கியது. அந்த மனையை வாங்க அட்வான்ஸ் கொடுத்திருந்த குடும்பம் பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் விலை. வழிகாட்டி மதிப்பு பத்திரச் செலவுக்கான கணக்கு, சந்தை விலை வேறு. பத்திரத்தில் காட்டிய தொகையும் பல நேரம் உண்மையைவிடக் குறைவு. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் கைமாறிய மூன்று மனைகளையாவது புரோக்கரிடமும், முடிந்தால் வாங்கியவரிடமும் விசாரியுங்கள். ரோட்டோர மனை சென்டுக்கு 5 லட்சம் போயிருந்தால், உள்ளே ஒடுங்கிய வழி உள்ள நம் மனைக்கு 4 லட்சம் என்று குறைக்கலாம். பத்து சென்டுக்கு 40 லட்சம்.

வீட்டுக்குத் தேய்மானம் கழிக்க வேண்டும். 1,200 சதுர அடி, இன்று கட்ட சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 24 லட்சம். ஆயுள் 60 வருடம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று எடுத்தால், மற்ற 90 சதவீதம் 60 வருடத்தில் தேயும்; 20 வருடத்துக்கு 30 சதவீதம் கழியும். மீதி 16.8 லட்சம். மொத்தம் 56.8 லட்சம். ஆனால் கம்பி துருப்பிடித்துக் கூரை உதிர்ந்திருந்தால் வயதை மட்டும் பார்க்காமல் இன்னும் குறையுங்கள். வாடகைக் கட்டடமாக இருந்தால் வருமானத்தை வைத்தும் ஒரு கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும்.

கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் மதிப்பீடுகளில் கையெழுத்திட ஐபிபிஐ (இந்திய நொடிப்பு, திவால் வாரியம்) பதிவு வேண்டும். அதற்குப் படிப்பு, அனுபவம், 50 மணி நேர வகுப்பு, தேர்வு எல்லாம் உண்டு. அதுவரை பதிவு பெற்ற ஒருவரோடு போய் டேப்பின் மறு முனையைப் பிடியுங்கள்.

அறிக்கையில் பார்த்த தேதி, எதற்கான மதிப்பு, யார் எல்லை காட்டியது, எந்த ஆவணம் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். வழியின் மிக ஒடுங்கிய இடத்தில் டேப்பை விரித்து வைத்து ஒரு படம் எடுத்துச் சேருங்கள்.