வளவுக் களையில் திரவப் பசளை: எரிக்காமல் ஊறப் போடுங்கள்

மாரி விட்டுத் தை பிறக்கிற நேரம் யாழ்ப்பாணத்தில் எந்த வளவைப் பார்த்தாலும் புல்லும் பூண்டும்தான். அதையெல்லாம் பிடுங்கி ஒரு மூலையில் குவித்து, காய்ந்ததும் நெருப்பு வைத்துவிட்டு, அடுத்த கிழமையே கடைக்குப் போய்ப் பசளை வாங்குகிறோம். எரித்தால் களையில் இருந்த நைதரசன் புகையோடு போய்விடும். ஊறப் போட்டால் அது தண்ணீரில் இறங்கி உங்கள் கத்தரிக்கும் மிளகாய்க்கும் திரும்பிப் போகும். எங்கள் ஆட்கள் வேலிக் கதியாலின் இலைகுழையை வெட்டித் தோட்டத்து மண்ணில் தாழ்த்தியதும் இதே காரணத்துக்காகத்தான்.

சாரணை, குப்பைமேனி, நாயுருவி, குப்பைக்கீரை, எது முளைத்திருந்தாலும் சரி, பூத்து விதை பிடிக்க முன்னம் பிடுங்கிவிட வேண்டும். வேலியில் சீமைக்கிளுவை நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அதன் இலையில் நைதரசன் நிறைய உண்டு, கெதியாக அழுகும். முருங்கை இலை, பூவரசங்குழை, மரக்கறி வெட்டிய கழிவு எல்லாம் போடலாம். குலை வெட்டிய வாழைத் தண்டை வீணாக்காதீர்கள், பொற்றாசியம் அதில்தான் கூடுதலாக இருக்கிறது. கோரையைக் கிழங்கோடு போடுவதென்றால் முதலில் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் கிடக்கிற கிழங்கு பிறகு பாத்தியில் முளைத்து நிற்கும்.

சிலதைத் தொடவே கூடாது. களைநாசினி அடித்த புல் வேண்டாம். இலை சுருண்ட மிளகாய்ச் செடி, வாடிச் செத்த தக்காளி வேண்டாம். பார்த்தீனியம் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது, மற்றப் பயிரின் வளர்ச்சியையும் தடுக்கும், அதையும் விட்டுவிடுங்கள். புகையிலைத் தோட்டம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: புகையிலைக் கழிவில் இருக்கும் வைரசு காய்ந்த பிறகும் சாகாது, தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும், ஆகவே அந்தத் தண்டும் இலையும் ஊறப் போடுகிற பரலுக்குள் போகவே கூடாது.

சரி, செய்முறை. மூடியுள்ள பிளாஸ்ரிக் பரல் ஒன்று போதும், தகரம் துருப்பிடிக்கும். பச்சைக் களை ஒரு கிலோவுக்குத் தண்ணீர் பத்து லீற்றர் என்பது கணக்கு. களையைச் சின்னனாக வெட்டிப் பழைய உரப்பையில் கட்டி, மேலே மிதக்காமல் ஒரு கல்லையும் உள்ளே வைத்து அமிழ்த்துங்கள், அப்படிச் செய்தால் கடைசியில் வடிக்கிற வேலையும் பாதியாகக் குறையும். கரையோரக் கிணற்றின் உவர்த் தண்ணீர் வேண்டாம், மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது நல்லது. விரும்பினால் ஒரு பிடி மாட்டுச்சாணம் கரைத்து விடலாம், அழுகல் சீக்கிரம் தொடங்கும். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே காற்று உண்டாகும். ஆனால் நுளம்பு போகாதபடி வலைத்துணி கட்டி, சின்னப் பிள்ளைகள் திறக்காதபடி மூடிக்கு மேல் பாரமும் வைக்க வேண்டும். பரலை நிழலில், கிணற்றுக்கும் குசினிக்கும் தள்ளி வையுங்கள்.

நாறும். நன்றாகவே நாறும். காற்றில்லாமல் அழுகுவதால் வருகிற நாற்றம் அது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடியால் அடிவரை கலக்கிவிட்டால் குறையும். எங்கள் வெயிலுக்கு இரண்டு கிழமையில் குமிழி அடங்கித் தண்ணீர் கடும் தேயிலைச்சாயம் போல நிறம் மாறும். அதுதான் பதம்.

வடித்ததை அப்படியே ஊற்றினால் வேர் கருகும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு ஐதாக்குங்கள், நாற்றுக்கு இருபது பங்கு. தண்ணீர் விட்டு ஈரமான மண்ணில், பின்னேரத்தில், செடிக்கு அரை லீற்றர் அளவில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும். கீரைக்கு இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள், சாணம் சேர்த்திருந்தால் இது மிக முக்கியம். கத்தரியும் மிளகாயும் பூக்கத் தொடங்கினால் இலைக்களையைக் குறைத்து வாழைத்தண்டு கூடுதலாகப் போட்டு ஊறவைத்ததைக் கொடுங்கள், நைதரசன் கூடினால் செடி கொழுக்குமே தவிர காய் பிடிக்காது.

இயற்கைப் பசளைதானே, எவ்வளவும் ஊற்றலாம் என்று நினைப்பது பெரிய பிழை. எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், மேலே விடுவது வெடிப்புகளால் நேரே கிணற்றுத் தண்ணீருக்குப் போய்ச் சேரும். பசளையின் நைதரசன் மண்ணில் மாறி உண்டாகிற நைத்திரேற்று யாழ்ப்பாணக் கிணறுகளில் ஏறிப்போனது பல காலமாகத் தெரிந்த விசயம், உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டிய தண்ணீர் புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு ஆபத்து. யூரியாவில் இருந்து வந்தாலும் களையில் இருந்து வந்தாலும் நைத்திரேற்று ஒன்றுதான். அதனால் அடைமழை நாட்களில் ஊற்றவே வேண்டாம், கிணற்றடி வாழைக்கும் அளவோடு விடுங்கள்.

இதை வைத்து ஒரு ஏக்கர் வெங்காயம் செய்துவிடலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது கமக்காரர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். இது வீட்டுத்தோட்டத்துக்கும் சாடிச் செடிக்கும் உரிய சாமான், அந்த அளவில் நன்றாக வேலை செய்யும். பைக்குள் மிஞ்சும் சக்கையைத் தென்னையடியில் புதையுங்கள், பரலில் ஒரு வாளி பழைய தண்ணீரை விட்டுவைத்துவிட்டு அடுத்த களையைப் போட்டால் இரண்டாம் முறை இன்னும் கெதியாக ஊறும்.